தண்ணி காட்டுதல்

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில்
இரவு இரண்டே காலுக்கு என் கையில் இருப்பவை
ஒரு டார்ச், ஒரு தெர்மாமீட்டர்,
ஊதா மை முத்திரை,
பதினோரு கட்டம் போட்ட படிவம்.

ஏழாம் கட்டம் கேட்கிறது:
அறுக்குமுன் மயக்கப்பட்டதா? ஆம் / இல்லை.
மயக்கும் கருவி மூன்று வருடமாக
பிரிக்காத மரப்பெட்டியில் இருக்கிறது.
பெட்டியின் மேல் டீ கிளாஸ் வைத்த வட்டங்கள்.

டிவியில் அந்த ஒரு கட்டத்துக்குத்தான் சண்டை.
கத்தியா கருவியா, எத்தனை நொடி வலி,
யாருடைய வேதம்.
நானும் பேசக்கூடியவள்தான்.
கழுத்து அறுந்து நினைவு தப்ப எவ்வளவு நேரம் என்று
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

லாரி வந்தது.
ஆதோனிச் சந்தையிலிருந்து பதினான்கு மணி நேரம்,
ஊத்துக்கோட்டை செக்போஸ்டில் மட்டும் மூன்று.
இரண்டு அடுக்கு.
மேலடுக்கின் மூத்திரம் கீழடுக்கின் கண்ணில்.
ஏற்றியது நூற்று நாற்பது.
நூற்று முப்பத்தாறு நிற்கிறது, மூன்று செத்துக் கிடக்கிறது,
ஒன்றுக்கு
நிற்கிறோமா கிடக்கிறோமா என்று தெரியவில்லை.
படிவத்தில் லாரிக்குக் கட்டமே இல்லை.

ஜியாவுத்தீன் பாய் அதன் தோலைக் கிள்ளி விட்டார்.
கூடாரம் மாதிரி அப்படியே நின்றது தோல்.
நான் இரண்டாம் வருடத்தில் படித்த பாடம்.
“தண்ணி காட்னியாடா?”
கிளீனர் பையன் தெலுங்கில் சிரித்தான்.
எங்கள் தொட்டியும் காய்ந்திருந்தது.
மெட்ரோ வாட்டர் லாரி
இரண்டு நாளாக எங்களுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கெழம பாய்!” கோதண்டம் கத்தினார்.
“அஞ்சு மணிக்கு வியாசர்பாடி, மூலக்கொத்தளம்,
எல்லாம் கட போட்ணும்.
சாவப்போறதுக்கு இன்னாத்துக்குத் தண்ணி?”

பாய் கத்தியை ஈரத்துணியில் சுற்றி
முதுகுப் பக்கம் செருகிக்கொண்டார்.
ஆட்டின் கண்ணில் அது படக்கூடாது,
அதுவும் விதிதான்.
“நாளைக்கி அது எய்ந்து வந்து கேக்கும்.
உன்னக் கேக்காது கோதண்டம்,
என்னத்தான் கேக்கும்.”

எதிர்ச் சந்தில் அவர் வீடு.
மருமகள் ஷம்ஷாத் தூக்கம் கலைந்து
பதினோரு குடத்தையும் வெளியே எடுத்து வைத்தாள்,
ஒவ்வொன்றையும் நங்கென்று.
நானும் இரண்டு சுமந்தேன்.
சேலை நனைந்தது. கோதண்டம் மணி பார்த்தார்,
பிறகு அவரும் ஒன்று.

குடிக்கிற சத்தம். வேறு எதுவும் இல்லை கொஞ்ச நேரம்.
அந்த ஒன்றின் முகத்தில் பாய் தெளித்தார்.
உடம்பை உலுக்கித் தலையாட்டியது.

எங்கள் அங்காளம்மன் கோயிலிலும் ஆடியில்
மஞ்சள் தண்ணி தெளித்துவிட்டு நிற்பார்கள்.
தலையாட்டினால் உத்தரவு.
“காதுல தண்ணி போனா எல்லாருந்தான் ஆட்டுவோம்”
என்று பதிமூன்று வயதில் சொல்லி
மாமாவிடம் அறை வாங்கினேன்.
சொன்னது சரிதான், இன்றும் சொல்வேன்.
ஆனால் ஒரு கூட்டமே
ஓர் ஆட்டின் பதிலுக்காக வாய் மூடி நின்ற அந்த நிமிஷம்
இப்போது வேறு மாதிரி தெரிகிறது.
நாளைக்குத் தெரியாமலும் போகலாம்.

நாலே முக்காலுக்குத் தொடங்கினார்கள்.
மறைப்புக்குப் பின்னால், ஒவ்வொன்றாக.
பெயர் சொல்வது கேட்டது.
கால் உதைப்பதும் கேட்டது.
நான் நொடிகளை எண்ணினேன்.
எத்தனை என்று சொல்லமாட்டேன்,
இரண்டு கட்சியும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

ஏழாம் கட்டத்தில் “இல்லை.”
ஓரத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில்
“தண்ணீர், பதினோரு குடம், சொந்தச் செலவு”
என்று எழுதி முத்திரையையும் குத்தினேன்.
யார் படிக்கப்போகிறார்கள்.

வெளியே விடிந்திருந்தது.
ஷம்ஷாத் காலிக் குடங்களைத்
தெருவோரம் வரிசை போட்டுக்கொண்டிருந்தாள்.
“டாக்டரம்மா, இந்த லாரிய பத்தி
யாருகிட்ட எய்திக் குட்க்கணும்?”

எந்த லாரி என்று கேட்டேன்.